சுகுணா வீட்டுக்கு லினக்ஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை

சுகுணாவுக்கு வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்த சேதி, சுகுணாவுக்குத் தெரியும் முன்பே எங்கள் லைனில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 2008, ஆகஸ்ட் மாதம். ஓசூர் மூக்கண்டபள்ளியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆறு வீடுகள்தான் எங்கள் லைன். நான் மூன்றாவது வீடு, அவள் நான்காவது. எனக்கு அன்று நைட் ஷிஃப்ட், பகலில் வீட்டில்தான். அதனால் தபால்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டையான அட்டை உறை. மேலே நெதர்லாந்து என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ லேசாகத் தட்டியது.

கடைசி வீட்டு வெங்கடம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நெதர்லாந்துன்னா துபாய்க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா, ராஜாத்தி?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்று ஒரு தைரியத்தில் சொன்னேன். அவளுக்கு அது போதும். சாயங்காலம் சுகுணாவின் வீட்டுக்காரர் மூர்த்தி தெருமுனையில் இறங்கி வரும்போது, வெங்கடம்மாவின் கணவர் கோவிந்தப்பன் எதிரே போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாஸ்போர்ட் எல்லாம் எடுத்தாச்சுங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். மூர்த்தி டிபன் பையைத் தோளில் மாட்டியபடி, யாருக்குப் பாஸ்போர்ட், எதற்குப் பாஸ்போர்ட் என்று புரியாமல் விழித்தார்.

சுகுணா வந்து வாசலிலேயே உறையைப் பிரித்தாள். நாலு சி.டி. இருந்தது. எடுத்து விசிறி மாதிரி விரித்துக் காட்டினாள்.

"ஏங்க, வந்திருச்சிங்க. காசே வாங்காம அனுப்பிட்டாங்க" என்று சிரித்தாள். அவளுக்குச் சம்பளம் ஏறிய அன்றைக்குக்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சுகுணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டி. ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அப்புறம் டைப்ரைட்டிங், கிருஷ்ணகிரியில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் கோர்ஸ், அதோடு கல்யாணம், அதோடு ஓசூர். வண்டிப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. உள்ளே வந்த சரக்கு, வெளியே போன சரக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். கை படபடவென்று ஓடும். அவளிடம் ஒரே ஒரு பழக்கம்தான் மற்றவர்களைப் பயமுறுத்தும். திரையில் தெரியாத ஏதாவது கண்ணில் பட்டால் அதை அழுத்தாமல் விடமாட்டாள். ஒரு தடவை எதையோ அழுத்தப் போய், ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் மொத்தத் திரையும் தலைகீழாகிவிட்டது. மானேஜருக்குத் தெரியக்கூடாதென்று மத்தியானம் முழுக்கத் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டே முப்பது பில் ஏற்றியிருக்கிறாள். ஒரு பில்கூடத் தப்பில்லை. அதைச் சொல்லிவிட்டு, கழுத்துக்குத் தைலம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டு வந்தாள்.

அந்தத் திரையை மறுநாள் நிமிர்த்திக் கொடுத்தவர் ஹரீஷ்குமார். பெங்களூரிலிருந்து வாரா வாரம் வியாழக்கிழமை வந்து அவர்கள் கம்பெனியின் சர்வரைப் பார்த்துவிட்டுப் போகிறவர். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். அவர் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக அடித்துத் தள்ளுவதைச் சுகுணா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"சார், இதுல விண்டோஸ் எங்கீங்க இருக்குது?"

"விண்டோஸே இல்ல மேடம். இது லினக்ஸ்."

"எங்க வீட்டு சிஸ்டத்துல இதைப் போட முடியுங்களா?"

"ஆராமா போடலாம். விண்டோஸை எடுக்கவே வேணாம். ரெண்டும் ஒரே டிஸ்க்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஆன் பண்றப்ப உங்களுக்கு எது வேணும்னு அதுவே கேட்கும். சி.டி.கூட ஃப்ரீ மேடம், அட்ரஸ் குடுத்தா போஸ்ட்ல வரும்." கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்று ஒன்று சொல்லியிருக்கிறார். "டிஸ்க்கைப் பிரிக்கறப்ப மட்டும் கரன்ட் போகக்கூடாது. போச்சுன்னா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்."

அன்றே பிரவுசிங் சென்டருக்குப் போய் அட்ரஸ் கொடுத்தாள். அதுதான் ஐந்து வாரம் கழித்து வந்து சேர்ந்தது.

இப்போது மூர்த்தி விஷயம். அவர் ஆத்தூர்க்காரர். இன்னொரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அந்த வீட்டுக் கம்ப்யூட்டரை பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டி, மானிட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது அவர்தான். அவர் பாடுவார். ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் மேடை போட்டால் முதல் பாட்டு அவருடையது. கம்ப்யூட்டரில் ஒரு மைக்கைச் செருகி அவர் பாடிப் பதிவு செய்த பாட்டு மட்டும் நாற்பத்து மூன்று இருந்தது. விண்டோஸில் இருந்த அந்தப் பதிவுப் பெட்டி ஒரு நிமிஷத்துக்கு மேல் பதியாது. அதனால் நாற்பத்து மூன்று பாட்டும் பல்லவி முடிந்து சரணத்தில் கால் வைக்கும்போது டக்கென்று நின்றுவிடும். எங்கள் லைனில் எல்லாருக்கும் அந்தப் பல்லவிகள் மனப்பாடம். சரணம் ஒருத்தருக்கும் தெரியாது.

"டிஸ்க்கைப் பிரிக்கப் போறேன்னு சொல்றியே, என் பாட்டு என்னாகும்?" என்று மூர்த்தி கேட்டார்.

"ஒன்னும் ஆகாதுங்க. உங்க பாட்டு உங்க பக்கம் இருக்கும். காலியா இருக்கற இடத்தைத்தான் நான் எடுத்துக்கறேன்."

"காலியா இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குச் சுகுணா ஒரு சனிக்கிழமை முழுக்க அவருக்குப் பாடம் நடத்தினாள். டிஸ்க்கில் அங்கங்கே சிதறிக் கிடப்பதை ஒரு பக்கமாக ஒதுக்குகிற வேலையை ஓடவிட்டு, சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் நகர்வதைக் காட்டினாள். மூர்த்தி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நாலு மணி நேரம் பார்த்தார். நடுவில் நான் எட்டிப் பார்த்தபோது, "ராஜாத்தி, அந்தச் செவப்பெல்லாம் எடம் மாறுது பாருங்க" என்று எனக்கும் காட்டினார். எல்லாம் ஒதுங்கியபின் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பாட்டையெல்லாம் ஒரு சி.டி.யில் எழுதி வைக்க, பிரவுசிங் சென்டரிலிருந்து சி.டி. எழுதும் டிரைவோடு ஆளைக் கூப்பிட்டு வரலாமா என்றார். இவர்கள் மெஷினில் சி.டி. படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. அந்த ஆள் திங்கட்கிழமைதான் வருவேன் என்றார். சுகுணாவால் திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லை.

அந்த நாட்களில் மின்வெட்டு அடிக்கடி வரும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வரை என்று சொல்லியிருந்தார்கள். சுகுணா அதைக் கணக்குப் போட்டு வைத்தாள். பன்னிரண்டுக்குக் கரன்ட் வரும், அப்புறம் சாயங்காலம் வரை பயமில்லை. காலையிலேயே சமையலை முடித்து, தலை குளித்து, பன்னிரண்டு அடித்து ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் சி.டி.யைப் போட்டாள். அவள் சொல்லாமலேயே நாங்கள் எல்லாரும் அந்த வீட்டுக்குள் இருந்தோம். கட்டிலில் வெங்கடம்மாவும் நானும். கதவோரம் கோவிந்தப்பன், அவருக்கு அன்று கம்பெனி பஸ் ஓட்டும் டியூட்டி இல்லை. மூர்த்தி மனைவியின் நாற்காலிக்குப் பின்னால், கைகட்டிக்கொண்டு.

முதலில் எந்த மொழி என்று ஒரு பட்டியல் வந்தது. சுகுணா கீழே இறங்கிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் 'தமிழ்' என்று தமிழிலேயே எழுதியிருந்தது. அதை அழுத்தினாள். அடுத்த திரை தமிழில் வந்தது. நாங்கள் யாரும் கம்ப்யூட்டர் தமிழில் பேசி அதுவரை பார்த்ததில்லை. சுகுணா திரும்பி எங்களைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிருந்தது.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு உலகப் படம் வந்தது. இந்தியாவின் மேல் ஒரு புள்ளிதான் இருந்தது, கொல்கத்தா. அதை அழுத்தினாள்.

"நாம மூக்கண்டபள்ளியில இருக்கோம். கல்கத்தான்னு போடறியேம்மா, அப்புறம் அங்க தேடப் போறாங்க" என்றார் கோவிந்தப்பன்.

"மணி காட்டறதுக்குத்தாங்கண்ணா."

அடுத்து டிஸ்க் ஒரு நீளப் பட்டையாக வந்தது. நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லினக்ஸ். கோட்டைப் பிடித்து இழுத்தால் நகர்ந்தது. மூர்த்தி குனிந்து, "இன்னும் கொஞ்சம் அப்படி. இன்னும் கொஞ்சம். என் பாட்டுக்கு மூச்சு விட இடம் வேணாமா" என்று தள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தார். சுகுணா அவர் சொல்லும்போது தள்ளுவாள், அவர் நிமிர்ந்ததும் பாதியைத் திரும்ப இழுப்பாள். வெங்கடம்மா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அதன் பிறகு அந்தக் கேள்வி வந்தது. உங்கள் பெயர் என்ன? கீழே ஒரு காலிக் கட்டம். சுகுணா இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். எட்டு வருஷம் வேலை செய்த கம்பெனியில் அவளுக்குக் கிடைத்த பெயர் 'ஸ்டோர்ஸ்2' என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

கடைசியாக 'நிறுவு' என்று ஒரு பொத்தான். அழுத்தினாள். ஒரு பட்டை மெதுவாக நிறைய ஆரம்பித்தது. டிஸ்க்கைச் சுருக்குகிற வேலை ஓடுகிறது என்றாள். பத்து சதம். பதினெட்டு. இருபத்தாறு ஆனபோது ஃபேன் நின்றுவிட்டது.

மேஜைக்குக் கீழே இருந்த யு.பி.எஸ். பீப் என்று கத்தியது.

"பன்னெண்டுக்கு மேல போகாதுன்னாங்களே" என்றார் மூர்த்தி, யாரையோ கேட்பது போல.

சுகுணா சட்டென்று எட்டி மானிட்டரை அணைத்தாள். திரை இருண்டது. மூர்த்தி தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, போச்சா" என்றார்.

"போகலைங்க. மானிட்டர்தான் பேட்டரியை நெறையத் தின்னும். பெட்டி உள்ள ஓடிட்டுத்தான் இருக்குது. மானிட்டரை அணைச்சா இன்னும் பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம் தாங்கும்." அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "எத்தனை நிமிஷத்துல முடியும்னுதான் தெரியல."

கோவிந்தப்பன் அதுவரை கதவில் சாய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்குதே" என்றார். பழைய பஸ் பேட்டரி ஒன்றை வைத்து அவர் வீட்டில் ஓர் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ரெண்டு ஃபேனும் ஒரு டி.வி.யும் இழுக்கும். ஆனால் அது ஆறாவது வீடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பிடுங்கினால் நின்றுவிடும். கரன்ட்டைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும்.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்" என்றாள் சுகுணா.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. நான் என் வீட்டுக்கு ஓடினேன். டி.வி.க்குப் பின்னால் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மூர்த்தி இரண்டாவது வீட்டில் கிரைண்டருக்குப் போட்டிருந்ததைக் கழற்றினார். பாதி அரைத்த மாவோடு அந்த வீட்டம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். முதல் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் கேட்டதற்கு, பீரோவுக்கு மேலே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளிருந்து சத்தம் போட்டார். கோவிந்தப்பன் தன் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு பாக்ஸை வெளியே தொங்கவிட்டு, "வெங்கடம்மா, டி.வி. ஆஃப் செய்யி, ஃபேன் ஆஃப் செய்யி, அன்னி ஆஃப் செய்யி" என்று எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். நாங்கள் ஒரு பாக்ஸில் இன்னொன்றைச் செருகி, அதில் இன்னொன்றைச் செருகி, வாசல் வழியாக இழுத்துக்கொண்டு வந்தோம். துணி காயப்போடும் கொடியில் ஓர் இடத்தில் மாட்டி, சைக்கிள் சீட்டின்மேல் ஓர் இடத்தில் வைத்து, ஐந்தாவது வீட்டு வாசலில் யாரும் மிதிக்காமல் இருக்க வெங்கடம்மாவே காவலுக்கு நின்றாள். அப்படியும் நாலு அடி குறைந்தது.

உள்ளே யு.பி.எஸ். இப்போது விடாமல் கத்த ஆரம்பித்திருந்தது. இடைவெளியே இல்லை.

"அக்கா, கடைசி நிமிஷம்" என்று சுகுணா உள்ளிருந்து சொன்னாள்.

மூர்த்தி விடுவிடுவென்று உள்ளே போனார். மிக்சியின் வயரைப் பார்த்தார், அது உதவாது. அப்புறம் தன் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் இருந்த பெட்டியைத் திறந்தார். மேடைக்குக் கொண்டுபோகும் பத்தடி எக்ஸ்டென்ஷன் அதில் சுருட்டி வைத்திருந்தது. பாட்டு விஷயத்தில் மட்டும் அவர் எதையும் யாருக்கும் தரமாட்டார், தொடவும் விடமாட்டார். அதை உதறிக்கொண்டு வந்து வாசலில் இருந்த பாக்ஸில் ஒரு முனையைச் செருகி, மறுமுனையைச் சுகுணாவிடம் தள்ளினார். அவள் மேஜைக்கு அடியில் படுத்து யு.பி.எஸ்.ஸின் பிளக்கை அதில் அழுத்தினாள்.

இரண்டு நொடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கத்தல் நின்றது.

வாசலில் வெங்கடம்மா, "ஏன் சத்தம் நின்னுச்சு? செத்துப்போச்சா?" என்று கேட்டாள். சுகுணா மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வந்து மானிட்டரைப் போட்டாள். தொண்ணூற்று நாலு சதம். தலையில் ஒட்டடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். மூர்த்தியும் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மாவுக்கை அம்மா சிரித்தாள். தலையில் சோப்பு நுரையோடு வந்து நின்ற முதல் வீட்டுக்காரர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்.

டிஸ்க்கைச் சுருக்கியபின் லினக்ஸை ஏற்றுகிற வேலையும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் மேலே இரண்டு மூன்று வரி லினக்ஸ். கடைசி வரியில் விண்டோஸ். பத்து, ஒன்பது, எட்டு என்று ஓர் எண் கீழே குறைந்துகொண்டு வந்தது.

"மொதல்ல என்னோடதைப் பார்" என்றார் மூர்த்தி.

சுகுணா அம்புக்குறியைக் கீழே இறக்கி விண்டோஸை அழுத்தினாள். வழக்கமான படம் வரவில்லை. நீலத் திரையில் டிஸ்க்கைச் சோதிப்பதாக ஆங்கிலத்தில் ஓடியது. மூர்த்தியின் முகம் வெளுத்துவிட்டது. "இது அளவு மாறியிருக்குதான்னு எண்ணிப் பாக்குதுங்க. பாத்துட்டு வந்துரும்" என்று சுகுணா சொன்னாள். ஆனால் அவளும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டுதான் நின்றாள். மூன்று நிமிஷம் கழித்துப் பச்சைப் புல்வெளிப் படம் வந்தது. மூர்த்தி அவளை விலக்கிவிட்டு உட்கார்ந்து முதல் பாட்டைப் போட்டார். அவர் குரல் வந்தது. பல்லவி முழுக்க வந்தது. சரணத்தில் கால் வைத்து டக்கென்று நின்றது. வீடு முழுக்கக் கைதட்டினோம். அந்தப் பாட்டு அந்த இடத்தில் நின்றதற்கு யாரும் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுபடி அணைத்து, இந்தத் தடவை மேல் வரி. காப்பிக் கலரில் புதுத் திரை வந்தது. மெனுவில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். சுகுணா ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விண்டோஸ் பக்கத்து டிஸ்க்கும் தெரிந்தது. அதைத் திறந்தால் உள்ளே நாற்பத்து மூன்று பாட்டும் வரிசையாக இருந்தது. ஒன்றை அழுத்தினாள். மூர்த்தி இங்கேயும் பாடினார்.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டார். "இந்தப் பக்கத்துல பதிவு பண்ணா ஒரு நிமிஷத்துல நிக்குமா?"

சுகுணா பதிவு செய்கிற பெட்டியைத் தேடித் திறந்தாள். மைக்கைச் செருகினாள். "பாடுங்க, பாக்கலாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு நிமிஷம் ஆனது, நிற்கவில்லை. எங்கள் லைனில் நாங்கள் முதல் முதலாக ஒரு சரணம் கேட்டோம். இரண்டாவது சரணமும் கேட்டோம். வெங்கடம்மா என் காதில், "முழுசாப் பாடினா நல்லாத்தான் இருக்குது" என்றாள். கரன்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. கோவிந்தப்பன் வீட்டிலிருந்து இழுத்த வயரில்தான் மூர்த்தி கடைசி வரை பாடினார்.

வியாழக்கிழமை சுகுணா ஹரீஷ்குமாரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அவர் சர்வர் ரூமில் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அதன்பின் வாரா வாரம் ஒரு கேள்வியோடு அவர் முன்னால் போய் நிற்பாள், அவரும் சலிக்காமல் பதில் சொல்வார். அடுத்த மாம்பழ சீசனுக்குள் பதினோரு வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி இரண்டு சிஸ்டம் போட்டுக் கொடுத்துவிட்டாள். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் தயாரிக்கும் ஒரு சின்ன யூனிட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அவர்கள் விண்டோஸ் எழுந்திருக்கவே இல்லை, உள்ளே சீசன் ஆர்டர் கடிதங்கள் எல்லாம் மாட்டிக்கொண்டிருந்தது. துணைக்கு நானும் போனேன். இவள் சி.டி.யைப் போட்டு லினக்ஸ் பக்கமாக உள்ளே நுழைந்து ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். முதலாளி சந்தோஷத்தில் மூன்று கிலோ கூழ் டின் இரண்டைக் கையில் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் ஆளுக்கொன்றாக மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வழியில் உள்ள ஊர்க்காரர்கள், சூளகிரி போகிறவர்கள் எல்லாம் என்ன டின் என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்கள்.

2009 செப்டம்பரில் ஹரீஷ்குமார் புனேவுக்கு மாற்றலாகிப் போனார். போகும் முன் மானேஜரிடம், வெளியிலிருந்து ஆள் வேண்டாம், உங்கள் ஸ்டோர்ஸிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சுகுணாவைக் கூப்பிட்டார்கள். சிஸ்டம்ஸ் என்று போட்டு, அவள் பெயரையும் போட்டுப் புது அடையாள அட்டை கொடுத்தார்கள்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு எனக்கு போன் வந்தது. பல் தந்தியடிப்பது போனிலேயே கேட்டது.

"அக்கா, சர்வர் ரூம்ல ஏசியைக் குறைக்கவே கூடாதாம். உங்ககிட்ட ஸ்வெட்டர் இருக்குதுங்களா?"

என்னிடம் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் இருந்தது. மத்தியானம் அவர்கள் கம்பெனிக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ் ஓட்டிப் போகிற கோவிந்தப்பனிடம் கொடுத்து அனுப்பினேன். அது இன்னும் அந்த ரூமில், ஒரு நாற்காலியின் முதுகில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.